முக்காடு, தொப்பி, கொண்டை: ஹெல்மெட்டுக்குள் அடங்குமா?

வாசகர் கேள்வி – பதில்

தலையை மூடும் துணியும் மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டும் பற்றித் திருகோணமலைப் பக்கமிருந்து வந்த கேள்விகளை இம்முறை ஒன்றாக எடுத்திருக்கிறோம். மார்க்கத் தீர்ப்பை உலமாக்களிடமும் கோயில் வழக்கத்தைக் குருக்கள்மாரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். இங்கே பேசுவது துணி, பட்டி, சட்டம் இவற்றை மட்டும்.

கிண்ணியாவிலிருந்து ஒவ்வொரு நாளும் ஸ்கூட்டியில் திருகோணமலை நகரத்துக்கு வேலைக்கு வருகிறேன். ஹிஜாபுக்கு மேல் போடும் ஹெல்மெட் பாலம் தாண்டுவதற்குள் பின்னால் வழுக்கிவிடுகிறது. குண்டூசியும் குத்துகிறது. ஒரு அளவு பெரிதாக வாங்கினால் சரிவருமா?
— வாசகி, கிண்ணியா

சரிவராது. பெரிய ஹெல்மெட் இன்னும் சுலபமாகப் பின்னால் போகும். ஹெல்மெட் தலையில் நிற்பது பட்டியால் மட்டுமல்ல. உள்மெத்தை தலையைச் சுற்றி இறுகப் பிடிப்பதாலும்தான். சற்றின், ஜோர்ஜட் போன்ற துணி நடுவில் வந்தால் மெத்தை துணியைப் பிடிக்கும், துணியோ தலையில் வழுக்கும். கிண்ணியாப் பாலம் 396 மீற்றர் நீளம், மறைப்பே இல்லாத வெளி. பக்கக் காற்று அடித்ததும் குறை அங்கே தெரிகிறது. குறை தொடங்கியது வீட்டுக் கண்ணாடி முன்னால்.

உள்ளிருந்து வெளியே வாருங்கள். முதலில் கொண்டை. பின்மண்டையின் நடுவே கொண்டை இருந்தால் அது ஹெல்மெட்டின் பின்பக்கத்தைத் தள்ளும், முன்விளிம்பு கண்ணை நோக்கி இறங்கும். மறைக்கிறதே என்று கையால் மேலே ஏற்றிவிடுவீர்கள். அதோடு நெற்றி முழுவதும் திறந்துபோகும். முடியைப் பின்னிக் கீழே விடுவது நல்லது. கொண்டைதான் வேண்டுமென்றால் ஹெல்மெட்டின் பின்விளிம்புக்குக் கீழே, பிடரியில் தாழ்வாகப் போடுங்கள். இடம் போதவில்லை என்று உள்ளேயிருக்கும் கெட்டி நுரையான ரெஜிஃபோமைக் கத்தியால் சுரண்டிக் குழி போடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஹெல்மெட்டில் உயிரைக் காப்பதே அந்த ரெஜிஃபோம்தான்: அது நசுங்கித்தான் அடியின் வேகத்தை விழுங்குகிறது. சுரண்டிய இடத்தில் நசுங்குவதற்கு ஒன்றுமிருக்காது.

அடுத்து உள்தொப்பி. பெனியன் துணியில், நெற்றியில் தடித்த தையல் வராததாகப் பாருங்கள். அந்தத் தையல் அரைமணி நேரம் அழுத்தினால் தலையிடி வரும். அதற்கு மேல் ஹிஜாப், பருத்தியிலோ ஜேர்சித் துணியிலோ, ஒரே சுற்று. காதுக்கு மேல் உள்தொப்பியோடு சேர்த்து இரண்டு படைதான் கணக்கு. அதற்கு மேல் ஏறினால் பின்னால் வரும் பஸ்ஸின் ஹோர்ன் சத்தமே மங்கிவிடும்.

ஊசி விடயத்தில் விட்டுக்கொடுக்க இடமில்லை. ஹெல்மெட் மூடுகிற பகுதிக்குள், அதாவது உச்சி, நெற்றிப்பொட்டு, காதோரம், பின்மண்டை எங்கும் ஒரு ஊசியும் வேண்டாம். பரவிப் போகவேண்டிய அடி, ஊசித் தலை இருக்கும் ஒரே புள்ளியில் இறங்கும். நாடிக்குக் கீழே அழுத்துப் பொத்தான் தைத்துக்கொள்ளுங்கள். தோளில் வேண்டுமானால் மூடி ஊசி குத்தலாம். ஆனால் குத்திய பிறகு நாடியை இரண்டு தோளுக்கும் திருப்பிப் பாருங்கள். துணி இழுத்தால் தளர்த்திக் குத்துங்கள். வலப்பக்கம் திரும்பும்போது பின்னால் பார்க்க முடியாமல் கழுத்தைக் கட்டிப்போடுகிற ஹிஜாப், ஹெல்மெட் இல்லாததற்குச் சமமான ஆபத்து. துணியின் ஓரம் கடைக்கண்ணைத் தாண்டி முன்னே வந்தாலும் இதே கதைதான்.

இனி நாடிப்பட்டி. நிறையப் பேர் நாடிக்குக் கீழே மூன்று நான்கு மடிப்பைச் சுருட்டி வைத்து, அதற்கு மேல் பட்டியைப் பூட்டுகிறார்கள். கையால் இழுத்தால் இறுக்கமாகத்தான் தெரியும். விழும்போது மடிப்பு அமுங்கும், பட்டி தளரும், ஹெல்மெட் கழன்று ஓடும். பட்டி தொண்டையோடு ஒட்டி, ஒரே படைத் துணியின் மேல் தட்டையாகக் கிடக்கவேண்டும். பட்டிக்கும் தோலுக்கும் நடுவே இரண்டு விரல் போனால் அளவு சரி. மூன்று விரல் போனால் இறுக்குங்கள். ஹிஜாபின் முனைகளை அபாயாவின் கழுத்துக்குள்ளோ மேற்சட்டைக்குள்ளோ செருகிவிடுங்கள். பாலத்தில் முனை பறந்து முகத்தில் அடித்தால் ஒரு கை தானாக ஹாண்டிலை விடும். மூக்குக்கண்ணாடி போடுபவர் என்றால் ஹெல்மெட்டைப் போட்ட பிறகு கண்ணாடியைச் செருகுங்கள், கழற்றும்போது முதலில் கண்ணாடி.

அளவு எடுப்பதும் இதே கோலத்தில்தான். உள்தொப்பியும் ஹிஜாபும் போட்டபடி, புருவத்துக்கு மேலே இரண்டரை சென்ரிமீற்றர் உயரத்தில், பின்மண்டையின் புடைப்பைச் சுற்றி நாடாவைப் பிடியுங்கள். 55–56 என்றால் பெரும்பாலும் எஸ், 57–58 எம், 59–60 எல். கம்பனிக்குக் கம்பனி கொஞ்சம் மாறும் என்பதால் உள்ளே ஒட்டியிருக்கும் சென்ரிமீற்றர் அளவை நம்புங்கள், எழுத்தை அல்ல. கடைக்குள் பட்டியைப் பூட்டிக்கொண்டு ஹெல்மெட்டை இடம் வலமாக ஆட்டினால் கன்னத்துத் தோலும் கூடவே அசையவேண்டும். பிறகு பின்விளிம்பைக் கீழிருந்து மேலாக, முன்னோக்கித் தள்ளுங்கள். தலையை விட்டு உருண்டு கழன்றால் அந்த ஹெல்மெட்டை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள், எவ்வளவு கழிவு தந்தாலும்.

பள்ளிவாசல் இரண்டு நிமிட ஓட்டம். தொழுகைக்குத் தொப்பியோடு போகும்போதும் ஹெல்மெட் வேண்டுமா? தொப்பிக்கு மேல் போடலாமா?
— வாசகர், மூதூர்

வேண்டும். ஓட்டுபவருக்கும் பின்னால் இருப்பவருக்கும் சட்டம் ஒன்றுதான். அது தூரத்தைக் கேட்பதில்லை. கைப்பிடியில் தொங்கியும் முழங்கையில் மாட்டியும் வருகிற ஹெல்மெட்டுகளைத்தான் ஜும்ஆ நேரத்தில் அதிகம் காண்கிறோம்.

மெல்லிய நூல் தொப்பி உள்ளே இருக்கலாம், ஒன்றும் செய்யாது. கரை தடித்த, அட்டை வைத்துத் தைத்த தொப்பி ஹெல்மெட்டை ஒரு விரற்கடை மேலே தூக்கும். பட்டி நாடியில் எட்டாமல் போகும். அதைப் பையில் வையுங்கள். இமாம்மார் கட்டும் தலைப்பாகையும் அப்படியே, பள்ளியில் போய்க் கட்டவேண்டியதுதான். இன்னொன்று: தாங்கியில் பெற்றோல் கசிந்திருக்க, அதன் மேலேயே ஹெல்மெட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தொழப் போகாதீர்கள். பெற்றோல் பட்டால் ரெஜிஃபோம் உருகும், பிளாஸ்டிக் ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விழும்.

கனடாவில் இருக்கும் என் பெரியப்பாவின் மகன், அங்கே சீக்கியர்கள் ஹெல்மெட் இல்லாமல் மோட்டார் சைக்கிள் ஓடலாம் என்கிறார். உண்மையா? அப்படியானால் மற்றச் சமயத்தவர்களுக்கும் அந்தச் சலுகை கேட்கலாம்தானே?
— வாசகர், உவர்மலை

உண்மைதான், ஆனால் கனடா முழுவதற்கும் ஒரே விதி இல்லை. மாகாணத்துக்கு மாகாணம் மாறும். பிரிட்டிஷ் கொலம்பியா 1999இலும் மனிற்றோபா 2000இலும் விலக்குக் கொடுத்தன. அல்பேர்ட்டாவும் ஒன்ராறியோவும் 2018வரை இழுத்தன. ஒன்ராறியோவில் 2008இல் ஒரு சீக்கியர் இதற்காக நீதிமன்றம் போய்த் தோற்றார். பத்து வருடம் கழித்து அரசாங்கமே விதியை மாற்றியது. அந்த விலக்கும் 18 வயது தாண்டிய, மோட்டார் சைக்கிள் அனுமதிப்பத்திரம் உள்ள, தலைப்பாகை கட்டிய சீக்கியருக்கு மட்டும்.

இந்த வழக்கின் வேர் இங்கிலாந்தில். அங்கே 1973இல் ஹெல்மெட் கட்டாயமானது. சீக்கியர்கள் எதிர்த்தார்கள், தண்டம் கட்டினார்கள், மூன்று வருடப் போராட்டத்துக்குப் பிறகு 1976இல் பாராளுமன்றம் தனிச்சட்டமே போட்டது. இந்தியாவின் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்திலும் 129ஆம் பிரிவு தலைப்பாகை கட்டிய சீக்கியரை விலக்குகிறது. ஜெர்மனியில் கதை வேறு: 2019 ஜூலையில் அந்த நாட்டின் உச்ச நிர்வாக நீதிமன்றம், சமயக் காரணம் சொன்னால் மட்டும் விலக்குக் கிடைத்துவிடாது என்று தீர்ப்பளித்தது. விபத்தில் சம்பந்தப்படும் மற்றவர்களும் காப்பாற்ற ஓடிவருகிறவர்களும், ஒருவர் தலையில் படுகாயப்பட்டுக் கிடப்பதைக் கண்டு படும் மனத்தாக்கத்தையும் நீதிபதிகள் கணக்கில் எடுத்தார்கள். யோசிக்கவேண்டிய நியாயம் அது.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு விடை தலைப்பாகையின் கட்டமைப்பிலேயே இருக்கிறது. வெட்டாத முடியை உச்சியில் முடிந்து, அதற்கு மேல் ஐந்து ஆறு மீற்றர் துணியைச் சுற்றுகிறார்கள். அதற்கு மேல் எந்த ஹெல்மெட்டும் உட்காராது; அவிழ்ப்பது மதக் கடமையை மீறுவதாகும். ஹெல்மெட் போடவே முடியாது என்ற இந்த நிலையைக் காட்டித்தான் அவர்கள் விலக்கு வாங்கினார்கள். ஹிஜாபிலோ தொப்பியிலோ சாறி முந்தானையிலோ அந்த முட்டுக்கட்டை இல்லை. பிரித்தானியச் சட்டம்கூட ‘தலைப்பாகை கட்டிய சீக்கியர்’ என்றுதான் சொல்கிறது, ‘தலையை மூடும் சமயத்தவர்’ என்று சொல்லவில்லை.

விலக்கு எப்படி வழுக்கிக்கொண்டு போகும் என்பதற்கு டெல்லி ஒரு பாடம். சீக்கியப் பெண்களுக்காக வந்த கோரிக்கை கடைசியில் எல்லாப் பெண்களுக்கும் ஹெல்மெட் கட்டாயமில்லை என்ற விதியில் போய் நின்றது, ஏனென்றால் தலைப்பாகை கட்டாத பெண் சீக்கியரா இல்லையா என்று பொலிஸாரால் வீதியில் வைத்து எப்படிச் சொல்லமுடியும்? 2014 ஓகஸ்டில்தான் அதைத் திருத்தி, சீக்கியப் பெண்கள் தவிர்ந்த எல்லோருக்கும் கட்டாயமாக்கினார்கள். இடைப்பட்ட வருடங்களில் பின்சீட்டில் வெறுந்தலையோடு போனவர்களில் பெரும்பாலானோர் சீக்கியரே அல்லர்.

அண்ணன் விடுமுறைக்கு வரும்போது சொல்லிவையுங்கள்: ஒன்ராறியோவின் சலுகை விமானத்தில் ஏறி வராது. பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2008ஆம் ஆண்டு கொக்ரேன் மீளாய்வின்படி ஹெல்மெட், சாவைச் சுமார் 42 வீதமும் தலைக்காயத்தைச் சுமார் 69 வீதமும் குறைக்கிறது. உப்புவெளி வீதியில் மாடு குறுக்கே வந்தாலும் இதே கணக்குத்தான்.

வெள்ளிக்கிழமைகளில் பத்திரகாளி அம்மன் கோயிலுக்கு மகனின் மோட்டார் சைக்கிளில் போவேன். சாறி, கொண்டை, பூ. ஹெல்மெட் போட்டால் எல்லாம் நசுங்கிவிடுகிறது. என்ன செய்யலாம்?
— வாசகி, சாம்பல்தீவு

பூவை வாழையிலையில் சுற்றிப் பையில் கொண்டுபோய்க் கோயில் வாசலில் சூடுங்கள், அம்மா. கொண்டை ஊசிகளையும், பின்மண்டையில் கவ்வும் பெரிய பிளாஸ்டிக் கிளிப்பையும் அங்கே போய்த்தான் போடவேண்டும். கிளிப்பின் பற்கள் ஹெல்மெட்டுக்கும் மண்டைக்கும் நடுவில் இருக்கக்கூடாது. பின்னலோடு வந்து இறங்கிக் கொண்டை போட எவ்வளவு நேரம் பிடிக்கும்?

ஹெல்மெட்டை விட எங்களுக்குப் பயம் உங்கள் முந்தானையைப் பற்றித்தான். நீங்கள் இடப்பக்கம் கால் போட்டு ஒருபக்கமாக இருப்பீர்கள். எங்கள் வீதிகளில் ஓடும் பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் செயினும் அந்தப் பக்கமே. முந்தானையோ, சோலோ, அபாயாவின் கீழ்விளிம்போ செயினுக்குள்ளும் கம்பிக்குள்ளும் போனால் சில்லு ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் ஆளை இழுத்துக் கீழே போடும். கழுத்தைச் சுற்றிய சோல் என்றால் விழும் முன்பே கழுத்து எலும்பு முறியலாம், குரல்வளை நெரியலாம். முந்தானையை முதுகைச் சுற்றி முன்னால் கொண்டுவந்து இடுப்பில் இறுகச் செருகுங்கள். சோலைக் கழுத்தில் சுற்றவே வேண்டாம். மேற்சட்டைக்குள் போகட்டும், இல்லாவிட்டால் பையில் போகட்டும். மகனிடம் சொல்லி சாறிக் காவல் கம்பியும் முழுச் செயின் கவரும் இருக்கின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். அழகு குறையும் என்று அவற்றைக் கழற்றி வீட்டு மூலையில் போட்டிருப்பார்கள் இளைஞர்கள். திரும்பப் பூட்ட அரைமணி வேலை. கால் அகட்டி இருக்க உடம்பும் உடுப்பும் இடம் கொடுத்தால் அதுதான் இன்னும் நல்லது, அந்த நாளுக்கு மட்டும் சல்வாரில் போனாலும் அம்மன் கோபிக்கமாட்டாள்.

என் மனைவி நிகாப் அணிபவர். முழுமுக ஹெல்மெட் போட்டால் நிகாப் தேவைப்படாது என்கிறார். முழுமுக ஹெல்மெட் தடை என்றும் சொல்கிறார்களே?
— வாசகர், புல்மோட்டை

கொள்ளைகளைக் காரணம் காட்டி 2015இல் பொலிஸார் முழுமுக ஹெல்மெட்டைத் தடைசெய்யப்போவதாக அறிவித்தார்கள். மோட்டார் சைக்கிள்காரர்கள் மேன்முறையீட்டு நீதிமன்றம் போனார்கள், நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்து அதை நிறுத்தியது. இன்றும் உங்கள் காதில் விழுவது அந்தப் பழைய அறிவிப்பின் எதிரொலி. முகத்தை மூடும் உடைக்கு 2019 ஏப்ரல் 29இல் வந்த தடை அவசரகால விதியின் கீழ் வந்தது; அவ்வருடம் ஓகஸ்டில் அவசரகாலம் காலாவதியானபோது அதுவும் போயிற்று.

மனைவி சொல்வது நடைமுறையில் நல்ல யோசனை. நாடியையும் தாடையையும் காப்பது முழுமுக ஹெல்மெட் மட்டும்தான். நிகாபைக் கட்டிக்கொண்டு அதற்கு மேல் முழுமுகத்தைப் போடும்போதுதான் சிக்கல்: கன்ன மெத்தை உள்ளே இறங்குகையில் துணியையும் கீழே இழுக்கும், கண் திறப்பு ஒருபக்கமாகச் சரியும். ஓடும்போது அதைச் சரிசெய்ய வழியே இல்லை. மூச்சு மேலே ஏறி, முகத்தை மறைக்கும் கண்ணாடியான வைஸரும் புகைக்கும். அதற்குப் பதிலாக உள்தொப்பியும் ஒரு சுற்று ஹிஜாபும் போட்டு, முழுமுக ஹெல்மெட்டை அணிந்து, உள்ளே மெல்லிய மாஸ்க் ஒன்று மட்டும் போதும். இறங்கியதும் நிகாபைக் கட்டிக்கொள்ளலாம். கறுப்பு வைஸர் வேண்டாம். புல்மோட்டை வீதியில் மாலை ஆறரைக்குப் பிறகு அது கண்ணைக் கட்டிவிட்டதற்குச் சமம்.

மறித்தால் செய்யவேண்டியது சிக்கலில்லை: எஞ்ஜினை நிறுத்தி, கேட்கும் முன்பே வைஸரைத் தூக்குங்கள். ஹெல்மெட்டைக் கழற்றி முகம் காட்டச் சொன்னால், பெண் உத்தியோகத்தர் இருந்தால் அவரிடம் காட்டுகிறேன் என்று மரியாதையாகக் கேட்கலாம். வங்கிக்குள்ளும் கடைக்குள்ளும் ஹெல்மெட்டோடு போகவே கூடாது.

நேர்த்திக்கு மொட்டை அடித்த பிறகு ஹெல்மெட் ஆடுகிறது. புதிதாக வாங்கவேண்டுமா?
— வாசகர், தம்பலகாமம்

வேண்டாம். அடர்ந்த முடி போனால் சில மில்லிமீற்றர் இடைவெளி வரும். பெனியன் துணித் தொப்பி ஒன்றைப் போட்டு ஆட்டிப் பாருங்கள். இன்னும் ஆடினால், உங்கள் கம்பனி தடித்த கன்ன மெத்தை தனியாக விற்கிறதா என்று கேளுங்கள். துவாயை மடித்து உச்சியில் வைக்காதீர்கள்: ஹெல்மெட் மேலே ஏறிவிடும், மொட்டைத் தலையில் வியர்வை ஊறிக் கொப்பளமும் போடும்.

கச்சான் காலத்தில் ஹெல்மெட்டுக்குள் நாற்றம் தாங்கமுடியவில்லை. தலையை மூடிப் போடும் எங்களுக்கு இன்னும் மோசம். எப்படிக் கழுவுவது, எப்போது மாற்றுவது?
— வாசகி, நிலாவெளி

கழற்றக்கூடிய மெத்தை என்றால் கிழமைக்கு ஒருமுறை கழற்றி, குழந்தைகளுக்கான ஷாம்பு கலந்த இளஞ்சூட்டுத் தண்ணீரில் கையால் பிழியாமல் அமுக்கிக் கழுவி, நிழலில் காயவிடுங்கள். கழற்றமுடியாத வகையென்றால் ஈரத்துணியால் துடைத்து மின்விசிறியின் கீழ் கவிழ்த்து வையுங்கள். வெயிலில் வைத்தால் பசை விட்டுப்போகும். உள்தொப்பி மூன்று நான்கு வாங்கி நாளுக்கு ஒன்றாக மாற்றினால் பாதி நாற்றம் அதோடு போய்விடும். ஈர முடியோடு முக்காடு போட்டு ஹெல்மெட்டையும் மாட்டினால்தான் பூஞ்சணம் பிடித்துத் தலை சொறியும். தலைக்கு எண்ணெய் வைக்கும் நாளில் இரவில் வையுங்கள்; எண்ணெய் ஊறிய மெத்தை சீக்கிரம் தட்டையாகி ஹெல்மெட் தளர்ந்துபோகும்.

நிலாவெளிக் கடற்காற்றுக்கு முதலில் பலியாவது பூட்டு. நாடிப்பட்டியை ஓட்டோடு பிடிக்கும் ஆணியையும் பூட்டின் நாக்கையும் மாதம் ஒருமுறை பாருங்கள். துரு தெரிந்தாலோ, பூட்டியபின் வெடுக்கென்று இழுத்தால் திறந்தாலோ, அந்த ஹெல்மெட்டின் காலம் முடிந்தது. பலமாக ஒருமுறை அடிபட்டதும் அப்படியே. வெளியே கீறல்கூட இல்லாவிட்டாலும் உள்ளே நசுங்கிய ரெஜிஃபோம் திரும்ப எழும்பாது. ஒன்றும் நடக்காவிட்டாலும் ஐந்து வருடத்தில் மாற்றுங்கள். செய்த திகதி உள்மெத்தைக்குக் கீழே ஒட்டியிருக்கும். புதிதாக வாங்கும்போது இலங்கைத் தர முத்திரையான எஸ்.எல்.எஸ். 517ஐத் தேடுங்கள். வெளிநாட்டிலிருந்து யாராவது கொண்டுவந்து தந்தால் ஐரோப்பியத் தரமான ஈ.சி.ஈ. 22.05 அல்லது 22.06 என்றிருக்கும், அதுவும் நல்லதே. வீதியோரம் தொங்கும், காதை மூடாத, விரலால் அழுத்தினால் உள்ளே போகும் ஓடு எந்த முத்திரை ஒட்டியிருந்தாலும் வேண்டாம்.